வேணும்

2013-ஆம் வருஷம் ஜூலை மாதம். எங்கள் ஊர் மாதா கோவிலான பெரிய கோவில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸில் என் மேசைக்கு ஒரு கட்டு காகிதம் வந்தது. கினி-பிசாவிலிருந்து வந்த கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, கண்டெய்னர்களுக்கான காகிதங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சின்ன நாடு அது. விளைகிற கொட்டையில் பெரும்பங்கை உரிக்காமலே இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில் இறங்கி, லாரி ஏறி, கன்னியாகுமரி மாவட்டத்தில் கொட்டை உரிக்கும் அண்டி ஆபீஸுகளுக்கும் கொல்லத்துக்கும் அது போகும். கப்பல் கம்பெனியின் சரக்குச் சீட்டான பி.எல். இங்கிலீஷில் இருக்கும். ஆனால் எடைச் சான்றும், விளைந்த நாட்டுச் சான்றும், பயிர்நலச் சான்றான ஃபைட்டோவும் போர்ச்சுகீஸில் இருந்தன. ஐநூறு வருஷத்துக்கு முன்னால் பிசாவிலும் எங்கள் கரையிலும் நங்கூரம் போட்டது ஒரே கொடிதான். அங்கே அந்த மொழி அரசாங்க மொழியாக நின்றுவிட்டது. இங்கே அது எங்கள் வீட்டுச் சாமான்களின் பெயராகத் தங்கிவிட்டது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

எடைச் சான்றில் இரண்டு வரி. 'பெசு புரூத்து' என்று ஒரு எண், 'பெசு லீக்கிது' என்று அதைவிடச் சின்னதாக இன்னொரு எண். 'லீக்கிது' என்றதும் எனக்கு ஓட்டு எண்ணெய்தான் ஞாபகம் வந்தது. கொல்லாங்கொட்டை ஓட்டில் கையைப் பொசுக்கும் எண்ணெய் உண்டு, அதைத் தனியாக எடுத்து விற்பார்கள். ஏதோ எண்ணெய்க் கணக்கு என்று நினைத்து அந்த வரியை ஒதுக்கிவிட்டு, மொத்த எடையையே இரண்டு இடத்திலும் எழுதி அனுப்பினேன். 'பெசு லீக்கிது' என்றால் நிகர எடை. சாக்கு எடை கழித்தது. திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு முழு நாள் போயிற்று. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அன்றிரவு சாப்பிடவில்லை. எனக்கு அது இரண்டாவது அடி.

முதல் அடி 1996-ல். அப்போது வேறொரு கம்பெனியில் வாட்டர் கிளார்க்காக இருந்தேன். புதுத் துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு கப்பலின் கேப்டன், வாக்கி டாக்கியில் இரைச்சலோடு இரைச்சலாக, குடிதண்ணீர் பதினைந்து டன் கேட்டார். என் காதில் ஐம்பது என்று விழுந்தது. இங்கிலீஷில் அந்த இரண்டு எண்ணும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டால் இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைப்பாரே என்ற வெட்கம். 'யெஸ் கேப்டன்' என்று சொல்லிவிட்டேன். ஐந்து லாரித் தண்ணீர் ஜெட்டியில் வரிசையாக வந்து நின்றது. ஒன்றரை லாரி போதுமென்று மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடியில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் லாரி என்றால் என்னவென்று தெரியும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்திருந்த ஊர் இது. அந்தத் தண்ணீர் காசு இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. எனக்கு மனசில் நின்றது காசு இல்லை, அந்த மூன்றரை லாரி திரும்பிப் போனதுதான்.

அதற்குப் பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முப்பது பேர். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னேன், சொல்லிக்கொடுத்தவர் அதை என் குரலிலேயே திரும்பச் சொல்லிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. இந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அறிவுக் குறைவால் அல்ல, ஒரு சிரிப்பால் நின்றுபோனார்கள்.

என்னை மறுபடி தூக்கிவிட்டது ஒரு ஜெராக்ஸ் கட்டு. 2002 வாக்கில் ஒரு சீஃப் ஆபீஸர் கொடுத்தார். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட கடல் பேச்சு வாக்கியங்களின் தொகுப்பு. உலகத்தில் எந்த நாட்டுக் கப்பல்காரனும் இன்னொரு நாட்டுக்காரனோடு பேச ஒரே மாதிரியான, குறுக்கி எடுத்த இங்கிலீஷ். அதில் இரண்டு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். பதினைந்தைப் 'பதினைந்து' என்று சொல்லக் கூடாது, 'ஒன்று, ஐந்து' என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, காதில் சரியாக விழாவிட்டால் 'ஸே அகெய்ன்' என்று கேட்க வேண்டும். அது விதி. கேட்பது குறையில்லை, கேட்காமல் இருப்பதுதான் குறை என்று உலகத்துக் கப்பல்காரர்கள் எல்லோரும் கூடி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் பிரவுசிங் சென்டர்கள் வந்திருந்தன. மர அட்டையால் தடுத்த கூண்டு, சூடான மானிட்டர், பலபேர் மாட்டிக் கழற்றியதால் பஞ்சு பிய்ந்த ஹெட்போன். வேலை முடிந்து எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து பிபிசியின் இங்கிலீஷ் பாடங்களைக் கேட்பேன். ஒரு வாக்கியத்தை நாற்பது தடவை ஓட்டினாலும் அந்தக் குரல் சலிக்காது. நான் தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்க அங்கே முகமே கிடையாது. கம்ப்யூட்டரால் மொழி கற்பதைப் பற்றி யார் எவ்வளவு பெருமையாகப் பேசினாலும், எனக்கு அது கொடுத்த முதல் கொடை இதுதான்: வெட்கப்படாமல் தப்புச் செய்ய ஓர் இடம்.

அப்பாவுக்கு இது விளங்கவில்லை. அவர் தோணி ஓட்டும் தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், மிளகாய், ஓடு, செங்கல் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். கையெழுத்தைத் தவிர எழுதத் தெரியாது. ஆனால் சிங்களம் பேசுவார், மலையாளம் பேசுவார். மாலிக்காரர்கள் வந்தால் 'ஹாலு கிஹினே' என்று திவேகியில் நலம் விசாரித்து, அவர்கள் சொல்வதற்குப் பதிலும் சொல்வார். எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால், "படிக்கிறதுக்கு என்னல இருக்கு, சரக்கு எறக்கணும்ல" என்பார். முதலில் எண்கள், அப்புறம் காற்றின் பெயர்கள், அப்புறம் சாப்பாடு. இந்த வரிசையில்தான் எல்லா மொழியும் அவருக்குள் போயிருக்கிறது.

நான் வீட்டில் பிராட்பேண்டு போட்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்: "ஏல, முத்துக் குளிக்கிறவனுக்கு மேல கயிறு புடிக்க ஒரு ஆளு வேணும். ஒன் பொட்டிக்குள்ள யாரு இருக்கா?"

தாத்தா சலாபத்தில் முத்துக் குளித்தவர். 1961-ல் நடந்த கடைசிச் சலாபம் வரைக்கும். கல்லைக் கட்டிக்கொண்டு பாரில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பியைக் கூடையில் அள்ளி, கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்க வேண்டும். நம்பிக் கொடுக்கிற கயிறு என்பதால் வழக்கமாக மச்சான்மார்தான் பிடிப்பார்கள். அப்பா கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வி மட்டும் போகவில்லை.

பெசு லீக்கிதுவில் அடிபட்ட மறுவாரம் போர்ச்சுகீஸ் படிப்பது என்று முடிவு செய்தேன். வயது 45. தூத்துக்குடியில் அந்த மொழி சொல்லித்தர ஆள் இல்லை. இணையத்தில் தேடினால் நிறையக் கிடைத்தது, காசில்லாமலே. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதர்களுக்காக முன்பு ஒலிநாடாவில் தயாரித்த பாடங்கள் அதில் ஒன்று. அரசாங்கம் செய்தது என்பதால் யாருக்கும் உரிமை கிடையாது, யாரோ புண்ணியவான்கள் நாடாக்களை ஒலிக்கோப்பாக மாற்றி ஏற்றி வைத்திருந்தார்கள். நாடாவின் கீறல் சத்தத்தோடு ஒரு குரல் சொல்லும், இடைவெளி விடும், நான் சொல்வேன், குரல் மறுபடி சொல்லும். ஒரு வாக்கியத்தின் ஒரே ஒரு சொல்லை மாற்றி மாற்றி இருபது தடவை. பழைய முறைதான். ஆனால் நாக்கு அதில்தான் வசப்பட்டது. டுவோலிங்கோவில் படமும் மணிச்சத்தமும் உற்சாகமாக இருந்தது, சொற்கள் சீக்கிரம் பழகின.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது அங்கி என்கிற மென்பொருள். ஒரு பக்கம் போர்ச்சுகீஸ், மறுபக்கம் தமிழ் என்று நாமே அட்டை எழுதிக்கொள்ள வேண்டும். இன்று சரியாகச் சொன்ன சொல்லை அது நாளைக் கழித்துக் கேட்கும், அப்புறம் ஒரு வாரம் விட்டு, அப்புறம் ஒரு மாதம் விட்டு. தப்பினால் மறுபடி முதலிலிருந்து. மறக்கப்போகிற நேரம் பார்த்து நினைவூட்டினால்தான் மனசில் பதியும் என்பது இதன் கணக்கு. ஜெர்மனியில் எபிங்காஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து பார்த்து, மறதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று 1885-ல் எழுதினார். அதன் பேரக்குழந்தைதான் இது. சுங்க ஆபீஸில் டோக்கன் எடுத்துக் காத்திருக்கிற நேரமெல்லாம் போனில் அட்டை புரட்டினேன். அந்த வருஷம் காத்திருப்பு எனக்குப் பாரமாகவே இல்லை.

நான் எழுதிய அட்டைகளில் ஒரு வகை, எழுத எழுதச் சிரிப்பு மூட்டியது. மேசைக்கு மெசா. சாவிக்கு ஷாவெ. ஜன்னலுக்கு ஷனெலா. அலமாரி, பேனா, துவாலை, அன்னாசி, பீப்பாய், ஏலம், குருசு. அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கதிரை, பாண், சப்பாத்து. தெருவில் பர்னாந்து, மச்சாது, கொரேரா, மிராண்டா என்று கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை. பிறந்ததிலிருந்து அரைகுறையாகப் பேசிக்கொண்டிருந்த மொழியைத்தான் நான் புதிதாகப் படிக்கிறேன் என்று தோன்றியது.

ஆனாலும் 'பாவ்ம்' வரவில்லை. போர்ச்சுகீஸில் ரொட்டிக்கு அதுதான் சொல். எழுத்தில் ஏ-யின் மேல் ஒரு நெளிகோடு போட்டு, பக்கத்தில் ஓ. மூக்கு வழியாகப் பாதி மூச்சை விட்டுச் சொல்ல வேண்டிய உயிரெழுத்து. இல்லை, கை, இதயம், பாடம் என்று பாதி மொழி இந்த ஒலியில்தான் முடிகிறது. இங்கிலீஷ்காரர்களுக்கு இது மிகக் கஷ்டம் என்று பாடத்தில் ஒரு பக்கம் எச்சரிக்கை. வாயை இப்படி வை, நாக்கை அப்படி வை, மூக்கைப் பிடித்துப் பார் என்று. மூன்று வாரம் மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். போனில் இருந்த குரலறியும் நிரல் ஒவ்வொரு முறையும் சிவப்புக் காட்டியது.

ஒருநாள் காலையில் அம்மா முற்றத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "அந்த மரம் பட்டுப்போச்சு" என்றாள். மரம் என்று எழுதுகிறோம். அம்மா சொன்னது 'மரம்' இல்லை. உதடு மூடவே இல்லை. கடைசியில் ஒரு 'ஓ', அது மூக்கில் கரைந்து போயிற்று. பணம், நேரம், பழம், எல்லாமே அப்படித்தான். 'நான் வந்தேன்' என்கிறோம், அந்த 'ன்' எங்கே நாக்கில் படுகிறது? நெளிகோடு போட்ட உயிரெழுத்து எங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்திருக்கிறது. நான் போனை எடுத்து, அம்மா மரம் என்று சொன்ன அந்த முடிவை வைத்து 'பாவ்ம்' என்றேன். பச்சை விழுந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பாடத்தை எழுதியவர், படிக்க வருகிறவன் இங்கிலீஷ்காரன் என்று வைத்து எழுதியிருக்கிறார். அவனுக்கு எது மேடோ அதைக் காட்டி எச்சரிக்கிறார், அவனுக்கு எது சமதரையோ அதை ஓட்டமாகக் கடக்கிறார். நமக்கு மேடும் பள்ளமும் வேறு இடத்தில். திறந்த பாடம், யாரும் படிக்கலாம், காசு வேண்டாம், எல்லாம் உண்மை. ஆனால் வாசல் திறந்திருக்கும் வீட்டுக்குள் போக முதலில் இங்கிலீஷ் என்ற ஏணியில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஏணி இல்லாத பிள்ளைகள் வாசலோடு நிற்கிறார்கள்.

அக்கா மகள் விஷயத்திலும் இதையே பார்த்தேன். நர்ஸிங் முடித்தவள், ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஜெர்மன் மொழியைப் பி-2 நிலை வரைக்கும் படிக்க ஆரம்பித்தாள். டாய்ச்ச வெல்லேயின் 'நிக்கோஸ் வெக்' பாடத்தில் தொடங்கினாள். ஸ்பெயினிலிருந்து ஜெர்மனி போய் இறங்கியதுமே பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு பையனின் கதை, காட்சி காட்சியாக. அதோடு, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் மிலிந்த் பிரம்மே நடத்திய ஜெர்மன் பாடத்தையும் என்பிடெலில் பார்த்தாள். 2003-ல் எஞ்சினீயரிங் பாடங்களுக்காகத் தொடங்கியது என்பிடெல். ஸ்வயம் தளம் 2017-ல் வந்தபிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த இரண்டு பெயரையும் டியூஷன் சென்டர் பெயர்போல் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும்.

ஓர் இரவு ட்யூட்டி முடிந்து வந்தவள் அழுதுகொண்டிருந்தாள். "மாமா, வினைச்சொல்லு கடைசில போயிடுது மாமா. இங்கிலீஷ்ல யோசிச்சு, திருப்பிப் போட்டு, அப்புறம் சொல்லுறதுக்குள்ள அந்த ஆளு அடுத்த கேள்விக்குப் போயிடுதான்." அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. 'வைல் இஷ் ஹொய்ட்ட டாய்ச் லெர்ன' என்று ஒரு வாக்கியம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ் எழுதச் சொன்னேன். எழுதினாள்: ஏன்னா, நான், இன்னைக்கு, ஜெர்மன், படிக்கிறேன்.

எழுதி முடித்து என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஜெர்மன் வாக்கியமும் இப்படி அமையாது, முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்துக்கு ஓடிவிடும் என்பதை அவளே பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் இங்கிலீஷ் வழியாக வந்தபோது அவளை அழவைத்த இடம், தமிழ் வழியாக வந்தால் தாய்வீடு. ஜப்பானிய மொழி இன்னும் நெருக்கம்: வினை எப்போதும் கடைசி, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். இதையெல்லாம் தெரிந்து, தமிழ்ப் பிள்ளைக்கென்று எழுதிய பாடங்கள் நிறைய வர வேண்டாமா? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர 2001-லேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினோம்.  தமிழை வெளியே கொடுக்க அத்தனை அக்கறை காட்டிய நாம், வெளி மொழிகளைத் தமிழ் வழியாக உள்ளே கொண்டுவருவதிலும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். எனக்கு இதில் கோபமே உண்டு. கப்பலேறிப் பிழைக்கப் போகும் சமூகங்கள் வாழும் கரை இது.

போர்ச்சுகீஸ் கொஞ்சம் வசப்பட்டதும் வேறு ஒரு தாகம் வந்தது. எங்கள் கரைக்கு வந்தவர்கள் எங்கள் மொழியை எப்படிப் படித்தார்கள்? ஒலிநாடா இல்லை, அகராதி இல்லை, இலக்கணப் புத்தகம்கூட அவர்களுக்குப் புரியும் மொழியில் இல்லை.

சவேரியார் சமயம் பரப்ப 1542-ல் வந்தார். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று விழுந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1544-ல்தான் சவேரியாருக்கு அது தெரிகிறது. உடன் ஊழியம் செய்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதுகிறார்: வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம், இனி அதை மாற்றி விசுவாசம் என்று சொல்லுங்கள் என்று. ஒரு சொல்லின் தப்பு தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு ஒரு வினாடியில் சிவப்பு விழுகிறது. ஆனால் அந்த 'வேணும்' என்னைக் கலங்க வைத்தது. சுற்றிலும் ஜனம், புரியாத மொழி, தப்பென்று தெரியாமலே உரத்த குரலில் சொல்லும் மனிதர். நான் 'யெஸ் கேப்டன்' என்று சொன்னவன்.

அவருக்குப் பின் வந்த அன்ரீக்கஸ் அடிகளார் வேறு மாதிரி. 1548-ல் வேம்பாற்றிலிருந்து ரோமுக்கு, தன் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இந்த மொழிக்குத் தானே ஓர் இலக்கணம்போல் செய்துகொண்டு படித்ததைச் சொல்கிறார். லத்தீனில் உள்ளதுபோல வேற்றுமைகளையும் காலங்களையும் தேடித் தேடிக் கண்டுபிடித்து அடுக்கியிருக்கிறார். பின்னால் வருகிறவர்கள் தன்னைப்போல் தடுமாறக் கூடாது என்று போர்ச்சுகீஸில் அதை எழுதியும் வைத்தார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது, வி.எஸ்.ராஜமும் ஜீன் ஹைனும் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2013-ல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது. அதில் இருப்பது செந்தமிழ் அல்ல, எங்கள் கரைப் பேச்சு. புன்னைக்காயலில் மீன் விற்றவர்களும் சங்கு குளித்தவர்களும் பேசியது. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் செய்தது என்பதைப் பலரும் அறிவார்கள். பிசாவ் கொட்டையை ஏற்றிக்கொண்டு கொல்லம் போகும் லாரிகளுக்கு நான் சீட்டுப் போடும்போதெல்லாம் அந்தப் பதினாறு பக்கம் நினைவுக்கு வரும்.

எனக்கு அதைவிட நெருக்கமானது, அதற்கும் 24 வருஷம் முன்னால் 1554-ல் லிஸ்பனில் அச்சான ஒரு சின்ன ஜெபப் புத்தகம். அதைச் செய்தவர்கள் தமிழர்கள்: விசென்தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தொமா த குருஸ். தமிழை ரோமன் எழுத்தில் ஒரு வரி அடித்து, சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீஸ் பொருளைக் கூடவே வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் போன மூன்று பேர், இரண்டு மொழியும் கை வந்தவர்கள், ஒரு வரிக்குள் இரண்டு கரையையும் கட்டியிருக்கிறார்கள். அக்கா மகளின் நோட்டில் நாங்கள் செய்ததும் அதுதான் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். ஆபீஸ் லெட்ஜர் அளவு, நீலக் கோடு. மேல் வரியில் போர்ச்சுகீஸ், நடுவில் அதைச் சொல்லும் விதம் தமிழ் எழுத்தில், கீழே பொருள். காகிதத்தில் வருகிற சொற்கள் மட்டும். சாக்கு, எடை, ஈரப்பதம், முத்திரை, கையொப்பம், பூச்சி மருந்துப் புகை, ஏற்றிய துறைமுகம். இதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் கேட்டுப் படித்த பாடங்கள் பிரேசில் பேச்சு. பிரேசிலில் கண்டெய்னருக்கு 'கொந்தேய்னர்', பிசாவ் காகிதத்தில் 'கொந்தென்தோர்'. ஈரப்பதத்தைப் பிரேசிலில் 'யு'-வில் தொடங்கி எழுதுவார்கள், பிசாவ் காகிதத்தில் முன்னால் ஓர் 'எச்' நிற்கும். பாடம் சொல்லாததைக் காகிதம் சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் எழுதி, இன்னது இன்ன நாடு என்று குறித்தேன். அந்த நோட்டு ஸ்கேன் ஆகி, எங்களைப் போன்ற வேறு கிளியரிங் ஆபீஸுப் பையன்களின் வாட்ஸப்புக்கும் போயிருக்கிறது. சில பக்கங்களில் அவர்கள் திருத்தமும் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அக்கா மகளோடு படிக்க இன்னும் ஐந்து பேர் எங்கள் மொட்டை மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாகத் தொடங்கி, மூன்றாம் வாரம் நான்காம் வாரம் கைவிட்டவர்கள். ஆன்லைன் பாடத்தில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது உலகம் முழுக்க உள்ள கதை. மாடியில் பாயை விரித்து, ஒரு லேப்டாப், ஒரு ஸ்பீக்கர். எனக்குத் தெரியாத மொழி, நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. 'இன்னைக்கு ஏன் வரல' என்று கேட்பதும், டீ போட்டுக் கொடுப்பதும், ஒருத்தர் சொல்லும்போது மற்றவர் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. அப்பா ஏணிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய பழைய கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருந்தது, ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை.

2019 சீசனில் ஓர் ஒரிஜினல் ஃபைட்டோ வந்து சேரவில்லை. கண்டெய்னர் யார்டில் நிற்கிறது, நாளுக்கு நாள் டிடென்ஷன் கட்டணம் ஏறுகிறது. மெயிலுக்குப் பதில் இல்லை. பிசாவில் உள்ள ஏற்றுமதியாளர் ஆபீஸின் எண்ணைத் தேடி எடுத்து, வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினேன். எழுதி வைத்துக்கொண்டு, ஆறு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பியது. 'போம் ஜீயா' என்று பிரேசில் பாணியில் தொடங்கினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'போம் தியா' என்று, எங்கள் 'த'-வைப் போலவே மெத்தென்று ஒரு குரல். நிறுத்தி நிறுத்திப் பேசினார், எனக்காக. காகிதம் கூரியரில் கிளம்பிவிட்டது, எண் இது, என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார்.

அவரும் என்னைப்போல் ஒரு குமாஸ்தாதான். வீட்டில் பேசுவது கிரியோல், போர்ச்சுகீஸ் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் நாங்கள் அந்த சீசன் முழுக்கப் பேசினோம். எங்கள் ஊரில் ஜன்னலை ஜன்னல் என்போம், மேசையை மேசை என்போம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அலமாரியையும் சாவியையும் போட்டோ எடுத்து, பெயரைச் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார்: இதற்கு உங்கள் மொழியில் என்ன, அதற்கு என்ன. கடைசியாக, காகிதம் தேவை என்று உங்கள் மொழியில் எப்படிக் கேட்பீர்கள் என்றார்.

'பேப்பர் வேணும்' என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் பதில் வந்தபோது சாயங்காலம். மாடியில் இருந்தேன், அப்பா படியில். ஸ்பீக்கரில் போட்டேன். 'பேப்பர்' கொஞ்சம் தடுக்கியது. அடுத்த சொல்லில் தடுக்கலே இல்லை. வெளியூரிலிருந்து வந்து தமிழ் படிக்கிறவர்கள் எழுத்தைப் பார்த்து உதட்டை மூடி 'ம்' போடுவார்கள். இவர் எழுத்தைப் பார்க்கவில்லை. உதடு மூடாமல், கடைசி உயிரை மூக்கில் கரைத்து, அம்மா சொல்வது மாதிரியே சொன்னார்: வேணும்.

அப்பா தலையைத் தூக்கினார். "யாருல அது? நம்ம மணப்பாட்டுக்காரனா?"